ஊரில் இல்லாதவருக்கும் ஊரில் சொல் உண்டு

அபிவிருத்தி ஒரு கிராமத்துக்குள் முதன்முதலில் நுழையும்போது கடதாசியாகத்தான் நுழைகிறது. பிரதேச செயலகத்தின் விளம்பரப் பலகையில் ஓர் அறிவித்தல், பத்திரிகையின் உட்பக்கத்தில் ஒரு சிறு விளம்பரம், வர்த்தமானியில் ஓர் இலக்கம். நில அளவையாளரும் மண்வெட்டும் இயந்திரங்களும் அதன் பின்னரே வருகின்றனர். அந்தக் கடதாசியை யார் வாசித்தார்கள், யாருக்கு வாசிக்கக் கிடைக்கவில்லை என்பதிலேயே அந்த மண்ணின் எதிர்காலம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. காணியை விட்டு வந்து உறவினர் வீட்டிலும் நலன்புரி நிலையத்திலும் வாடகைக் குடிலிலும் காலம் கழித்த குடும்பங்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உலகின் பல நாடுகளில் இன்று கமநிலங்களைத் தேடி வரும் ஒரு புதிய வகைத் திட்டத்தைப் பற்றியும், அதனை எதிர்கொண்ட கிராமத்தவர் எவ்வாறு தமது கருத்தைச் சொன்னார்கள் என்பதைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்திட்டத்தின் பெயர் தரவு மையம். "எமக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? எமது காணியே இன்னும் முழுதாக எமது கைக்கு வரவில்லை" என்று சிலர் கேட்கக்கூடும். காணி கைக்கு வராத காலத்தில்தான் அக்காணியைப் பற்றிய தீர்மானங்கள் வேறு மேசைகளில் எடுக்கப்படுகின்றன. ஆகவே இது எம்மைப் பற்றிய விடயமும்தான்.

தரவு மையம் என்பது என்ன?

வெளிநாட்டிலுள்ள மகன் கைத்தொலைபேசியில் அனுப்பும் படம், வங்கிக் கணக்கின் விபரம், பிள்ளைகள் பார்க்கும் பாடக் காணொளி, இப்போது எங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவு ஆகிய எல்லாம் வானத்தில் மிதப்பவை அல்ல. அவை எங்கோ ஓரிடத்தில், பெரிய பண்டகசாலை போன்ற கட்டடத்தினுள், இரும்புத் தட்டுகளில் அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. அக்கட்டடமே தரவு மையம்.

இக்கணினிகள் இரவு பகல் ஓய்வதில்லை. ஓயாத இயந்திரம் சூடேறும். அச்சூட்டைத் தணிக்கப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. நீரை ஆவியாக்கித் தணிப்பது ஒன்று. காற்றாடிகளாலும் குளிரூட்டும் இயந்திரங்களாலும் தணிப்பது மற்றையது. முதலாவது வழிக்கு நீர் கூடுதலாக வேண்டும். இரண்டாவது வழிக்கு நீர் குறைவாகப் போதும், ஆனால் மின்சாரம் கூடுதலாக வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் உடனே இயங்குவதற்கு வரிசையாக டீசல் மின்பிறப்பாக்கிகளும் அவற்றுக்கான எரிபொருள் தாங்கிகளும் இருக்கும். காற்றாடிகளின் இரைச்சல் அயலுக்குக் கேட்கும்.

சர்வதேச எரிசக்தி முகவராண்மையின் கணக்குப்படி 2024இல் உலகத் தரவு மையங்கள் யாவும் சேர்ந்து ஏறத்தாழ 415 ரெறாவாற்-மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. இது உலகின் மொத்தப் பாவனையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம். இலங்கை முழுவதிலும் ஒரு வருடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் போல் இருபது மடங்குக்கும் அதிகம். 2030இல் இத்தொகை இரட்டிப்பையும் தாண்டும் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இவை ஏன் கிராமத்தைத் தேடி வருகின்றன? பரந்த சமதரை, அருகில் உயர்வலு மின்கம்பி, ஆறு அல்லது நிலத்தடி நீர், குறைந்த விலை, குறைந்த அயலவர்கள். இவ்வளவும் ஒருங்கே கிடைக்கும் இடம் கிராமந்தான். கட்டடம் எழும் வரை நூற்றுக்கணக்கானோருக்குச் சில வருட வேலை கிடைக்கும். எழுந்த பின்னர் நிரந்தரமாக வேலை செய்வோர் தொகை அக்கட்டடத்தின் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அவர்களிலும் பலர் விசேட பயிற்சி பெற்றவர்கள்.

ஒல்லாந்துக் கமக்காரரின் அனுபவம்

நாம் ஒல்லாந்தர் என்று அழைத்துப் பழகிய மக்களின் நாடான நெதர்லாந்தில் சேவொல்டே என்ற சிறு ஊர் இருக்கிறது. கடலிலிருந்து அணை கட்டி மீட்கப்பட்ட மண் அது. அங்கே 166 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 410 ஏக்கர் கமநிலத்தில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றா ஒரு மாபெரும் தரவு மையத்தை அமைக்கத் திட்டமிட்டது. அதற்கு வருடமொன்றுக்குத் தேவைப்படும் என்று சொல்லப்பட்ட மின்சாரம் 1,380 கிகாவாற்-மணி. இது எமது நாட்டின் ஒரு வருட உற்பத்தியில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு.

தொடக்கத்தில் திட்டத்தின் பின்னால் நிற்பவர் யாரென்று ஊரவருக்குச் சொல்லப்படவில்லை. வேறொரு பெயரிலேயே அலுவல்கள் நடைபெற்றன. 2021 டிசம்பரில் உள்ளூராட்சி மன்றம் 11க்கு 8 என்ற வாக்குகளால் திட்டத்தை அங்கீகரித்தது. அத்துடன் விடயம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆனால் மூன்று மாதங்களின் பின், 2022 மார்ச்சில், உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. திட்டத்தை எதிர்த்த உள்ளூர்க் கட்சி மன்றத்தில் முதலிடம் பெற்றது. அதே மாதத்தில் மெற்றா வேலைகளை நிறுத்திவைத்தது. யூலையில் திட்டத்தை முற்றாகக் கைவிட்டது. இதற்கு முன்னரே, 2022 பெப்ரவரியில், மிகப் பெரிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை ஒன்பது மாதங்களுக்கு நிறுத்திவைப்பதாக நெதர்லாந்து அரசாங்கம் அறிவித்திருந்தது.

அந்த ஊர் மக்கள் கணினிக்கு எதிரானவர்கள் அல்லர். அவர்களும் கைத்தொலைபேசி வைத்திருப்பவர்களே. இவ்வளவு நல்ல மண்ணையும் இவ்வளவு மின்சாரத்தையும் கொடுத்தால் ஊருக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கை அவர்கள் கேட்டார்கள். பதில் திருப்தி தராதபோது வாக்கைப் பயன்படுத்தினார்கள். வாக்கு அவர்கள் கையில் இருந்தது. ஏனெனில் அவர்கள் அந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்வோம். இதற்குப் பின்னர் வருவோம்.

சொன்ன கணக்கும் வந்த கணக்கும்

அதே நாட்டின் வடபகுதியில் மிடன்மேர் என்னும் இடத்திலும் கமநிலங்களின் நடுவே தரவு மையங்கள் அமைந்துள்ளன. அங்கே மைக்குறோசொவ்ற் நிறுவனத்தின் மையத்துக்கு வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சம் முதல் 2 கோடி லீற்றர் வரை நீர் தேவைப்படும் என்று முன்னர் சொல்லப்பட்டிருந்தது. 2021இல் அது உண்மையில் பயன்படுத்தியது 8 கோடி 40 இலட்சம் லீற்றர். இந்த வித்தியாசம் 2022இல் பத்திரிகைகள் மூலமே வெளியே வந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் த டாலஸ் என்ற சிறு நகரம் உண்டு. அங்கே கூகிள் நிறுவனத்தின் தரவு மையங்கள் எவ்வளவு நீர் எடுக்கின்றன என்று ஒரு பத்திரிகை கேட்டது. அது வியாபார இரகசியம் என்று நகரசபை மறுத்தது. மறுத்ததோடு நில்லாமல், விபரத்தைக் கொடுக்காமல் இருப்பதற்காக 2021இல் அப்பத்திரிகைக்கு எதிராக வழக்கும் தொடர்ந்தது. 2022 டிசம்பரில் வழக்கு இணக்கமாக முடிந்து கணக்கு வெளிவந்தபோது, நகரின் மொத்த நீரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அம்மையங்களுக்கே போகிறது என்பதும், ஐந்து வருடங்களில் அது ஏறத்தாழ மும்மடங்காகியது என்பதும் தெரியவந்தன. தமது நீர் எங்கே போகிறது என்பதை அறிய அந்த நகர மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் தலைநகர் சந்தியாகோவின் ஓரத்தில் செரியோஸ் என்னும் பகுதி உள்ளது. 2010ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் நடுப்பகுதி நீண்ட வரட்சியால் வாடியது. 2019இல் அங்கே கூகிள் ஒரு தரவு மையத்தை முன்மொழிந்தது. சுற்றாடல் அனுமதிக்காகச் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணத்தை அயலவர்கள் பக்கம் பக்கமாக வாசித்தனர். விநாடிக்கு 169 லீற்றர் நீர் என்ற கணக்கு அதனுள்ளே இருந்தது. கமக்காரர் கணக்கில் சொல்வதானால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1 கோடி 46 இலட்சம் லீற்றர். ஓர் ஏக்கர் அடி நீர் என்பது சுமார் 12 இலட்சம் லீற்றர். ஆகவே ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு ஏக்கர் வயலை ஓர் அடி உயரத்துக்கு நிரப்பக்கூடிய நீர் அது. அயலவர்கள் அமைப்பாகத் திரண்டு பல வருடங்கள் வாதாடினர். 2024 பெப்ரவரியில் சுற்றாடல் நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியை மீளாய்வு செய்யும்படி கட்டளையிட்டது. அதே வருடம் செப்டெம்பரில், திட்டத்தைப் புதிதாகத் தொடங்கி, நீருக்குப் பதிலாகக் காற்றினால் குளிரூட்டும் முறைக்கு மாறுவதாக நிறுவனம் அறிவித்தது.

இந்த மூன்று இடங்களும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. கணக்கை எழுத்தில் கேட்காதவருக்குக் கணக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட்ட கணக்கும், பின்னர் அளந்து பார்ப்பதற்கு ஒருவர் இல்லாவிட்டால், மாறிவிடுகிறது. செரியோஸ் மக்கள் வாசித்தபடியால் திட்டம் திருத்தப்பட்டது. வாசிக்காதிருந்தால் அதே திட்டம் அதே நீருடன் எழுந்திருக்கும்.

வேண்டும் என்போரின் நியாயம்

இத்திட்டங்களை விரும்புவோர் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று சொல்வது தவறு. அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஏதன்றை என்ற ஊருக்கு அருகே 850 மில்லியன் யூரோ செலவில் ஒரு தரவு மையத்தை அமைக்கப்போவதாக அப்பிள் நிறுவனம் 2015இல் அறிவித்தது. 2016இல் அனுமதியும் கிடைத்தது. ஆட்சேபித்தவர்கள் ஒரு சிலரே. ஊரவரிற் பெரும்பாலானோர் திட்டம் வேண்டும் என்று ஊர்வலமே போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேலை தேடி ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தனர். வழக்குகளால் காலம் நீண்டு, 2018 மே மாதத்தில் நிறுவனம் விலகியபோது அந்த ஊர் மகிழவில்லை, வருந்தியது.

எமது இளைஞரும் வேலை தேடி அலைகின்றனர். வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காணியை ஈடு வைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே ஒரு பெருந்திட்டம் வந்தால் அதனை வேண்டும் என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஊர் என்பது எப்போதும் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. காணியின் சொந்தக்காரர் விற்க விரும்பலாம். அதே காணியைக் குத்தகைக்குச் செய்பவருக்கு அந்த விற்பனையால் ஒரு சதமும் கிடைக்காது. கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணிடம் எவரும் கேட்கவே மாட்டார்கள். கிணறு வற்றினால் முதலில் தண்ணீருக்கு நடப்பவர் அவரே.

அதேவேளை அயர்லாந்தின் பின்னைய கதையையும் அறிந்துகொள்ள வேண்டும். வேறு இடங்களில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2024இல் அந்நாட்டில் மானிகளில் பதிவான மின்சாரத்தில் நூற்றுக்கு 22 வீதம் தரவு மையங்களுக்கே சென்றது. ஒரு மையம் ஊருக்கு வரமாக இருக்கலாம். பல மையங்கள் சேர்ந்தால் முழு நாட்டுக்கும் சுமையாகலாம். ஆகவே வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஒரே கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டியவர்களே.

அறிவித்தல் யாருக்குக் கிடைத்தது?

இனி எமக்கு நேரடியாக உரிய விடயத்துக்கு வருவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் வில்லியம் என்னும் மாவட்டத்தில் 2,100 ஏக்கருக்கு மேற்பட்ட நாட்டுப்புற நிலத்தைத் தரவு மையங்களுக்காக வகைமாற்றம் செய்ய 2023 டிசம்பரில் ஒரு கூட்டம் நடந்தது. மக்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேச, கூட்டம் ஏறத்தாழ 27 மணித்தியாலங்கள் நீடித்தது. ஈற்றில் 4க்கு 3 என்ற வாக்குகளால் திட்டம் நிறைவேறியது. ஆனால் 2025 ஓகஸ்டில் நீதிமன்றம் அத்தீர்மானம் செல்லாது என்றது. காரணம் நீரோ மின்சாரமோ அன்று. பத்திரிகை அறிவித்தல் சட்டம் சொன்ன முறைப்படி வெளியிடப்படவில்லை, பொதுமக்கள் பார்வையிட வேண்டிய ஆவணங்கள் உரிய வேளையில் வைக்கப்படவில்லை என்பதே காரணம். அதன்பின் விடயம் மேன்முறையீட்டுக்குச் சென்றது. அறிவித்தல் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதை இத்தீர்ப்பு காட்டுகிறது. முறையாக அறிவிக்காமல் எடுத்த தீர்மானம் தீர்மானமே அல்ல.

எமது மண்ணில் இதன் பொருள் என்ன? 2006இல் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் முகாம்களில் இருந்த வருடங்களில் அவர்களுடைய மண் உயர்பாதுகாப்பு வலயமாகவும், அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்குமான இடமாகவும் கடதாசிகளில் மாறியது. அக்கடதாசிகள் எழுதப்பட்டபோது அங்கு வயல் செய்தவர்கள் கூப்பன் வரிசையில் நின்றார்கள். கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் பற்றிய வர்த்தமானி 2015 மே மாதத்தில் இரத்தானது. நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. மக்கள் திரும்பினார்கள். ஆனால் இடையில் ஒன்பது வருடங்கள் போயின.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலொன்று, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் கோர வேண்டும் என்றது. கோராத காணி அரச காணியாகும். உறுதியைத் தீயிலும் வெள்ளத்திலும் ஓட்டத்திலும் இழந்தவர் மூன்று மாதத்தில் எதைக் காட்டுவார்? இந்தியாவிலுள்ள முகாமில் இருப்பவருக்கும், கனடாவில் இருப்பவருக்கும் அவ்வறிவித்தலை யார் கொண்டுபோய்க் கொடுத்தார்? எதிர்ப்புகள் எழுந்தன. யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் அவ்வறிவித்தலை மீளப்பெற்றது.

சேவொல்டே மக்களின் வாக்கைப் பற்றி முன்னர் சொன்னோம். அவர்கள் ஊரில் இருந்தார்கள், வாக்களித்தார்கள், வென்றார்கள். ஊரில் இல்லாதவர் என்ன செய்வார்? பொதுக் கருத்துக் கேட்கும் எந்த முறையும் "இங்கு வசிப்போர்" என்பதிலிருந்தே தொடங்குகிறது. கூட்டத்துக்கு வந்தவர்கள் கையொப்பமிடுகிறார்கள். வராதவர் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதப்படுகிறது. ஆள் இல்லாத காணி பற்றை வளர்ந்து கிடக்கும். பற்றை வளர்ந்த காணி வரைபடத்தில் "பயன்படுத்தப்படாத நிலம்" ஆகிவிடும். பயன்படுத்தப்படாத நிலத்தைத் தேடித்தான் தரவு மையமும் சூரிய மின் பூங்காவும் காற்றாலையும் கைத்தொழில் பேட்டையும் வருகின்றன. எவரும் விரட்டாமலே, எவரும் பொய் சொல்லாமலே, ஒரு குடும்பத்தின் வயல் இவ்வாறு கை நழுவலாம்.

எனவே எமது கருத்து இதுதான். எந்த ஊரில் இடம்பெயர்ந்தோரின் காணி உண்டோ, அந்த ஊரில் எந்தப் பெருந்திட்டம் பற்றியும் மக்கள் கருத்துக் கேட்கப்படும்போது, அவ்வூரை விட்டுப் போனவரும் அவ்வூரவராகவே எண்ணப்பட வேண்டும். அவர்கள் இப்போது வாழும் இடங்களுக்கு அறிவித்தல் போக வேண்டும். அவ்விடங்களிலேயே கூட்டங்கள் வைக்கப்பட வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எழுதக்கூடாது. மீள்குடியேற்றம் முடியாத காணியில் வேறு திட்டம் தொடங்கக்கூடாது. இதனைச் செய்யாத கருத்துக் கேட்டல், எத்தனை பக்க அறிக்கையாக அச்சிடப்பட்டாலும், கருத்துக் கேட்டல் ஆகாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

அதிகாரிகள் செய்யும் வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம், குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டு, அது பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும், தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வெளியிடப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அறிக்கையைப் பார்வையிடவும் எழுத்தில் கருத்துக் கூறவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்குரிய கால எல்லை குறுகியது. ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் வர்த்தமானியையும் பத்திரிகை அறிவித்தல்களையும் பார்ப்பதற்கென்று ஒருவரை நியமிப்பது நல்லது. படித்த பிள்ளை ஒருவர் போதும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் தகவல் கோரலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் தகவல் அலுவலர் உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற முடிவு சொல்லப்பட வேண்டும். வியாபார இரகசியம் என்று மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆயினும் பொதுநலன் மேலோங்கி நின்றால் அதனையும் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. எமது கிணற்று நீர் பொதுநலன் அன்றி வேறு என்ன?

தரவு மையமாயினும் வேறெந்தப் பெருந்திட்டமாயினும் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய கேள்விகள் சில:

1. திட்டத்தின் உண்மையான உரிமையாளர் யார்? எமது பிரதிநிதிகளும் அதிகாரிகளும் இரகசியம் காப்பதாக ஏதும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுள்ளனரா?

2. வரட்சி மாதங்களில் நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நீர்? எங்கிருந்து? குளம் வற்றும் காலத்தில் வயலுக்கு முதலிடமா, திட்டத்துக்கு முதலிடமா?

3. எவ்வளவு மின்சாரம்? அதற்கான கம்பிகள் யாருடைய காணிக்கு மேலாகப் போகும்? செலவு யாருடைய கட்டணப் பட்டியலில் சேரும்?

4. எரிபொருள் எவ்வளவு சேமித்து வைக்கப்படும்? கசிந்தால் பொறுப்பு யாருக்கு?

5. கட்டி முடிந்தபின் நிரந்தர வேலை எத்தனை பேருக்கு? அவற்றில் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை, அதற்கான பயிற்சி எப்போது?

6. காணியில் உறுதி உள்ளவர், அனுமதிப்பத்திரம் உள்ளவர், குத்தகைக்காரர், ஊரில் இல்லாதவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் என்ன கிடைக்கும்?

7. சொன்ன கணக்கு மீறப்பட்டால் யார் அளப்பார், யார் தண்டிப்பார்?

நான்காவது கேள்வியை எவரும் அற்பமாக எண்ண வேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகம் மின் நிலைய வளாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி கட்டளையிட்டது. தீர்ப்பு வந்தது நன்று. ஆனால் தீர்ப்பினால் கிணறு தெளிவதில்லை. கேள்வி முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இன்றே செய்யக்கூடிய இன்னொரு வேலையும் உண்டு. காணியின் எல்லைகள், அயற் காணிக்காரரின் பெயர்கள், கிணறு, நின்ற மரங்கள், கடைசியாகப் பயிர் செய்த போகம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு எது இருந்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் தற்போதைய முகவரியை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். வயதான பெரியவர்கள் இருக்கும்போதே எல்லைகளைக் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குப் பின் அந்த எல்லையைச் சொல்வதற்கு ஆள் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைவன நகரான ரூசனில், 290 ஏக்கரில் அமையவிருந்த ஒரு தரவு மையத் திட்டத்தை 2025 ஓகஸ்டில் நகரசபை ஏகமனதாக நிராகரித்தது. மக்கள் நிரம்பி வழிந்த கூட்டங்களின் விளைவு அது. ஆனால் திட்டக்காரர் ஓய்ந்துவிடவில்லை. நகர எல்லைக்கு வெளியே, நீர் குறைவாகத் தேவைப்படும் முறையுடன் தொடர முயன்றனர். ஒரு கூட்டத்தில் வென்றுவிட்டு வீடு செல்வோர் அடுத்த கூட்டத்தில் தோற்கலாம். பணம் உள்ளவர் காத்திருப்பார். ஆகவே மக்களும் காத்திருக்கப் பழக வேண்டும். கொப்பியும் சங்கமும் அதற்காகவே.

நாம் மண்ணை விட்டு வந்தது எமது விருப்பத்தால் அன்று. மண்ணின் மீதான எமது சொல்லை நாம் விட்டு வரவும் இல்லை. அடுத்த அறிவித்தல் வரும்போது, அது எதைப் பற்றியதாக இருந்தாலும், எமது முகவரி அங்கே பதியப்பட்டிருக்க வேண்டும். எமது கேள்விகள் எழுத்தில் தயாராக இருக்க வேண்டும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது அதன் பின்னர். அதைச் சொல்லும்போது ஊரில் இருப்பவரும் ஊருக்கு வெளியே இருப்பவரும் ஒன்றாகவே இருந்து சொல்வோம்.